பட்டுவாடா

வல்லாரையை வேரோடு பிடுங்கமாட்டாள் மூக்காயி.
கண்மாய்க் கரைக்கு அவள் போவது
செவ்வாயும் வெள்ளியும் மட்டும்.
மற்ற நாளுக்குப் பொடி,
காரைக்குடி கல்லுக்கட்டியில் நூறு கிராம் பொட்டலம்.
கூடவே நீர்ப்பிரமி நெய் ஒரு டப்பா.
டப்பாவின் மேல் 'ஞபகம் பெருகும்' என்று அச்சடித்திருந்தது.
ஒரு காலை மறந்துவிட்டார்கள்.

மதுரை டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கி
களத்தில் காய்ந்த நெல்லாய்ச் சுருங்கிய இடத்தைக் காட்டினார்.
கீரை, நெய்யெல்லாம் கொடுக்கலாமா என்றேன்.
"கொடுங்க. எது கொடுத்தாலும் எங்கிட்ட சொல்லிருங்க.
என் மாத்திரையை மட்டும் நிறுத்திராதீங்க."
பலிக்குமா?
"தெரியலை."
நாற்பது வருஷம் அரிசி ஆலையில் எடை போட்டவன் நான்.
தெரியலை என்று சொல்கிற தராசை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடைக்கம்மைக்குக் கசப்பு ஆகாது.
புதுவயல் தபாலாபீசில்
முப்பத்தொரு வருஷம் கடிதம் பிரித்த கை
தம்ளரைத் தள்ளிவிடும்.
"மொதல்ல நீங்க குடிங்க."
சரிதானே,
முன்பின் தெரியாதவன் நீட்டுவதை
யார் குடிப்பார்?
அதனால் எனக்கு ஒரு தம்ளர், அவளுக்கு ஒரு தம்ளர்.
நான் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்புவதற்குள்
அவளுடையது குரோட்டன்ஸ் தொட்டியில் இருக்கும்.

மாசி போயிற்று, பங்குனி போயிற்று.
சித்திரையில் மகன் பெயரும் போயிற்று அவளுக்கு.
எனக்கோ
எண்பத்தாறாம் வருஷம் பாரம் ஏற்றிய லாரிகளின்
நம்பர் வந்தது.
சோலைமுத்து தரவேண்டிய பதினேழு ரூபாய் வந்தது.
பின்னாலேயே, அவித்த நெல் வாடையோடு,
ஒரு வியாழக்கிழமை வந்தது.
அதை நான் கூப்பிடவில்லை.

அன்றைக்கு அவள் தேவகோட்டை ஆஸ்பத்திரியில்.
இரண்டாவது பிரசவம், பிள்ளை தங்கவில்லை.
வீட்டுக்கு ஒரு காக்கி உறை வந்தது.
அவள் பேருக்கு வந்ததை நான் பிரித்தேன்.
பரீட்சையில் தேறியிருக்கிறாள்,
ரயில் தபால் பிரிவு, திருச்சி,
பதினைந்து நாளுக்குள் வந்து சேரவும்.

ஆலையில் கொதிகலனுக்கு
உமி தள்ளிக்கொண்டிருந்தார்கள்.
காகிதம் உமியைவிடச் சீக்கிரம் எரிகிறது.

"நான் தேறலை போல" என்று
ரெண்டு மாசம் கழித்து அவளே சொன்னாள்,
சோறு போட்டுக்கொண்டே.
மண்டிக்கு உப்பு குறைச்சல் என்றேன் நான்.

முப்பத்தெட்டு வருஷம்
இதை மறந்திருக்க எனக்கு எந்த மருந்தும் வேண்டியிருக்கவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை.
முறத்தில் கொட்டிய வல்லாரையை
அவளாகவே இழுத்து வைத்துப் பிரிக்க ஆரம்பித்தாள்.
சேலை கட்டத் தடுமாறுகிற கை,
அந்த வேகத்தைப் பார்க்கவேண்டும்.
கோட்டையூர். பள்ளத்தூர். கண்டனூர். கானாடுகாத்தான்.
காம்பெல்லாம் ஒரே பக்கம்.
கண்டனூர்க் கட்டு பெரிதாக இருந்தது,
"கல்யாண மாசம்ல" என்றாள்.

ஓர் இலை மீந்தது. பூச்சி அரித்த இலை.
திருப்பிப் பார்த்தாள்.
டாக்டர் ஸ்கேனைத் தூக்கிய மாதிரி
ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள்.

"இது பட்டுவாடா ஆகலையே."

யாருக்கு வந்தது, அடைக்கி? என்றேன்.
என் குரல் எனக்கே கேட்கவில்லை.

வெகுநேரம் என் முகத்தைப் பார்த்தாள்.
பிறகு, வேலை நேரத்துக்கே உள்ள மரியாதையோடு,
"கவுண்டர் அந்தப் பக்கம் சார்" என்றாள்.

மற்ற இலையெல்லாம் துவையலுக்குப் போனது.
அது ஒன்று என் சட்டைப் பையில்.
இன்றைக்குக் காலையிலும் இரண்டு தம்ளர் கரைத்தேன்.
ஒன்றைத் தொட்டி குடித்தது.
இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு
கொஞ்சநேரம் நின்றேன்.
அடியில் பொடி தங்கிக்கொண்டே வந்தது.
விரலால் கலக்கிவிட்டுக் குடித்தேன்.